மூன்றாம் பாகம் உங்கள் நாட்டில் விற்பனைக்கு இல்லை

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் எழுதுகிறேன். ஒரு வரியை முதலில் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "இந்த நூல் உங்கள் நாட்டில் விற்பனைக்கு இல்லை." சன்னலோரத்து மின்நூல் மேசையில் உட்காரப் போகிறீர்கள் என்றால் ஒரு நாளைக்கு நான்கைந்து தடவையாவது இது திரையில் வந்து நிற்கும். வாடிக்கையாளர் திரையை முறைக்க மாட்டார். உங்களைத்தான் முறைப்பார். உலகத்தை நாடு நாடாக வெட்டிப் போட்டதே நீங்கள்தான் என்பதுபோல.

நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இந்தக் கடைக்குப் பெட்டி தூக்க வந்தேன். முப்பத்தொரு வருடம் கழித்து அந்த மேசையிலிருந்து ஓய்வு பெற்றேன். மேசையைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடு என்று முதலாளி சொன்னார். எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்பதை நீங்களே இரண்டு நாளில் பழகிவிடுவீர்கள். அதைப் பற்றி எழுதப் போவதில்லை. எதை அமுக்கியிருக்கக் கூடாது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் சுபாவத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் பயந்தாங்கொள்ளி. கடையை அடைத்துவிட்டு மோனோரயில் நிலையம்வரை நடந்து போய், பூட்டினோமா இல்லையா என்று சந்தேகம் வந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்த நாட்கள் கொஞ்சமல்ல. கடையிலிருந்து போகும் ஒவ்வொரு கடிதத்துக்கும் நகல் எடுத்து ஒரு நீலக் கோப்பில் வைப்பேன். "மணியம், நீ மழை வர்றதுக்கு முன்னாடியே கொடைய நனைச்சு வச்சுக்கிற ஆளுய்யா" என்பார் முதலாளி. சிரித்துக்கொள்வேன். கவலைப்படுவதுதான் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேசை வந்த கதை சுருக்கமானது. பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த, மின்நூல் படிக்கும் ரீடரைத் தூக்கிக்கொண்டு பெரியவர்கள் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். "இதுல தமிழ்ப் புக்கு ஏத்திக் குடுப்பா" என்பார்கள். முதலாளி ஒரு கணினியையும் இரண்டு நாற்காலியையும் சன்னலோரம் போட்டார். வந்தவர்கள் அப்படியே நாலு அச்சுப் புத்தகமும் வாங்குவார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஒரு தினசரி நாட்காட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு போவார்கள். அது கிடக்கட்டும்.

பண்டமாரானிலிருந்து ராஜமாணிக்கம் அண்ணன் முதலில் வந்தது ஒரு பொங்கல் முடிந்த வாரம். கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பைக்குள் ரீடரை ஒரு துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். நேராக என்னைப் பார்க்காமல் தலையைக் கொஞ்சம் சாய்த்தே பேசினார். ஏதோ கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"ஓரத்துல எல்லாம் தெரியுது மணியம். நேரா பாத்தாதான் நடுவுல ஓட்டை" என்றார். கண்ணின் நடுப்பார்வை தேய்ந்துகொண்டு வருகிறதாம். ரீடரில் எழுத்தை ஆகப் பெரிதாக்கி வைத்திருந்தார். ஒரு திரைக்கு எட்டு, ஒன்பது வார்த்தைகள். "டாக்டர் சொல்லிட்டாரு. இந்த வருசம் எழுத்து தெரியும், அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்கன்னு."

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு புத்தகம். மூன்று பாக நாவலின் மூன்றாம் பாகம். முதல் இரண்டையும் அதே ரீடரில் படித்து முடித்திருந்தார். இரண்டாம் பாகம், கதாநாயகியின் அண்ணன் வெள்ளம் போகும் ஆற்றில் இறங்குவதோடு நின்றுவிடும். கரையேறினானா இல்லையா என்பது மூன்றாம் பாகத்தின் கடைசியில்தான் வரும்.

"நீ படிச்சிருக்கியா?"

"படிச்சிருக்கேன் அண்ணே."

"சொல்லிடாதே. சொன்னே, அடிப்பேன்."

தேடினேன். அந்த வரி வந்தது. வாசித்துக் காட்டினேன்.

"ஏன்? நான் என்ன கள்ளச் சாமானா கேக்குறேன்?"

"மொத ரெண்டும் நமக்கு இருக்கு அண்ணே. மூணாவது மட்டும் இல்ல. இந்தியாவுல இருக்கு, சிங்கப்பூர்ல இருக்கு, லண்டன்லகூட இருக்கு."

"லண்டன்காரன் படிக்கலாம், பண்டமாரான்காரன் படிக்கக் கூடாது. நல்ல நியாயம், லா." ரீடரைத் துண்டில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "கிரேன்ல எத்தன கண்டெய்னர் எறக்கியிருப்பேன்! அதுல புக்கும்தான் வந்திருக்கும். பேப்பரா இருந்தா கடல் தாண்டி வருது. காத்துல வர்றதுக்கு என்ன கேடு?"

அச்சுப் புத்தகம் எங்களிடம் விற்றுத் தீர்ந்து வருடக்கணக்காகிவிட்டது. இருந்தாலும் அவருக்கு உதவாது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார். "ஒரு எழுத்து படிச்சிட்டு, ஒரு கிளாஸ் தே குடிச்சிட்டு வந்து அடுத்த எழுத்தப் படிக்கணும்." ஒலிநூலாக வந்தால் கேட்பீர்களா என்றேன். "அது அவன் வேகம். எனக்கு என் வேகம் வேணும்" என்றார். பெரிதாக்கி நகல் எடுக்கலாமா என்றும் யோசித்தேன். எழுநூறு பக்கம். அதோடு, "நகல் எடுத்துப் படிக்காதீர்கள்" என்று சுவரில் அட்டை மாட்டியிருக்கும் கடை நம்முடையது.

ரீடர் நிறுவனத்துக்கு எழுதினேன். மூன்று தடவை. மூன்று தடவையும் ஒரே பதில்: எந்த நாட்டில் விற்பது என்பதைப் பதிப்புரிமை வைத்திருப்பவரே தீர்மானிக்கிறார், தங்கள் பொறுமைக்கு நன்றி. படித்துப் பாருங்கள், பதில் அதிலேயே இருக்கிறது. யாரைக் கேட்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறான். நானோ அதைத் தட்டிக்கழிப்பு என்று எடுத்துக்கொண்டு, வருவோர் போவோரிடமெல்லாம் அந்த நிறுவனத்தைத் திட்டித் தீர்த்தேன். திட்டுவது சுகமாக இருந்தது. இரண்டு மாதம் அதிலேயே போயிற்று.

சாலாக் செலாத்தானிலிருந்து வரும் ஒரு வாடிக்கையாளர்தான் வழி சொன்னார். "என்ன அங்கிள் நீங்க? கணக்குல நாட்ட இந்தியான்னு மாத்துங்க, அங்க ஒரு அட்ரஸ் போடுங்க, வாங்குங்க, திரும்ப மாத்திடுங்க. எல்லாரும் செய்றதுதானே."

எல்லாரும் செய்கிற ஒன்றைச் செய்ய என்னைப் போன்றவனுக்குத்தான் அதிகப் பயம். ஆனால் ராஜமாணிக்கம் அண்ணன் தலையைச் சாய்க்கும் கோணம் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவரை வரச் சொன்னேன். மகள் எழுதிக் கொடுத்த கடவுச்சொல் சீட்டோடு வந்தார். சென்னையில் எனக்குத் தெரிந்த முகவரி ஒன்றே ஒன்றுதான். எப்போதோ புத்தகக் கண்காட்சிக்கு முதலாளியோடு போனபோது தங்கிய திருவல்லிக்கேணி லாட்ஜ். அதைப் போட்டேன்.

மூன்றாம் பாகம் வந்தது! "வாங்கு" என்ற பொத்தானோடு, அட்டைப் படத்தோடு.

"பாத்தீங்களா அண்ணே!"

"எங்க, எங்க?" என்று முகத்தைத் திரும்பத் திரும்பச் சாய்த்துப் பார்த்தார்.

அமுக்கினேன். கணக்கில் இருந்த மகளின் கடன் அட்டை மலேசிய அட்டை, இந்தியக் கடையில் செல்லாது என்றது. மலேசியாவுக்கு மாற்றினேன். புத்தகம் மறைந்தது. இந்தியாவுக்கு மாற்றினேன். புத்தகம் வந்தது, அட்டை போனது. இன்னொரு அட்டையைப் போட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் ராஜமாணிக்கம் அண்ணனைப் பண்டமாரானுக்கும் திருவல்லிக்கேணிக்கும் ஆறு தடவை குடிபெயர்த்திருப்பேன். ஏழாவது தடவை திரை வெளுத்தது. சந்தேகத்துக்குரிய நடவடிக்கை, கணக்கு முடக்கப்பட்டது.

இந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கணக்குதான் முடங்கியது, ரீடருக்குள் இருந்த புத்தகங்கள் அப்படியேதான் இருந்தன. எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. கருவியைக் கணக்கிலிருந்து வெளியே எடுத்து மறுபடி உள்ளே விட்டால் சரியாகிவிடும் என்று தோன்றியது. "நிச்சயமாகவா?" என்று கேட்டது. நிச்சயமாக என்று அமுக்கினேன். வெளியே எடுத்ததும் உள்ளே இருந்த எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. முதல் பாகம், இரண்டாம் பாகம், அவர் ஐந்து வருடமாகச் சேர்த்து வைத்திருந்த நூற்றுச் சொச்சம் புத்தகங்கள், எதுவுமில்லை. முடங்கிய கணக்குக்குள் மறுபடி நுழையவும் முடியவில்லை.

"அலாமாக்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"என்ன மணியம்?"

சொன்னேன். அவர் வெற்று ரீடரைத் துண்டில் சுற்றினார். உள்ளே ஒன்றுமில்லாத பொருளை யாரும் அவ்வளவு கவனமாகச் சுற்றி நான் பார்த்ததில்லை. "பசியாறலையே நீ. போய்ச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போனார்.

உதவிப் பிரிவோடு அரட்டைப் பெட்டியில் உட்கார்ந்தேன். மூன்றாம் படிவத்து ஆங்கிலம். அந்தப் பக்கத்தில் இருந்தவர் மிக மரியாதையாகக் கேட்டார்: கணக்கில் உள்ள முகவரியில் நீங்கள் வசிப்பதற்கு ஆதாரமாக ஒரு மின்கட்டண ரசீதை அனுப்ப முடியுமா? திருவல்லிக்கேணி லாட்ஜின் மின்கட்டண ரசீது! லாட்ஜுக்கே போன் போட்டுக் கேட்கலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதை உங்களிடம் மறைக்கவில்லை. ஒரு பொய்யை நிமிர்த்தி வைக்க இன்னொரு பொய்யைத் தேடும் நிலைக்கு வந்துவிட்டால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். நான் நிறுத்தினேன். உள்ளதை உள்ளபடி எழுதினேன்: இது என் கணக்கல்ல, ஒரு வாடிக்கையாளருடையது, கண் பார்வை குறைந்தவர், தவறான முகவரி போட்டது நான், கடை விலாசம் இது, என் பெயர் இது. பரிசீலிக்கிறோம் என்றார்கள்.

ஒன்பது நாள் பரிசீலித்தார்கள். ஒன்பது நாளும் கடை திறந்த அரை மணியில் போன் வரும்.

"மணியம், வந்திருச்சா?"

"இல்லண்ணே."

"சரி."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. மருத்துவர் கொடுத்த ஒரு வருடத்தில் ஒவ்வொரு நாளாக நான் கிழித்துப் போடுவதுபோல் இருந்தது. அந்த மாதம் பூட்டை இழுத்துப் பார்க்க நிலையத்திலிருந்து திரும்பி வந்தது இரண்டு தடவை, மூன்று தடவை என்று ஏறியது.

பத்தாம் நாள் கணக்கு திறந்தது, ஓர் எச்சரிக்கையோடு. நூற்றுச் சொச்சமும் திரும்பி வந்தன. மூன்றாம் பாகத்துக்கு அதே வரி. அன்றைக்குத்தான், செய்வதற்கு வேறொன்றும் மிச்சமில்லாத பிறகுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். சென்னையில் அந்தப் புத்தகத்தைப் போட்ட பதிப்பகத்துக்கு போன் செய்தேன். மின்நூல் பிரிவில் ஒரு பெண் எடுத்தார். ஏறிய குரலில் ஆரம்பித்தேன்.

"ஏம்மா, சிங்கப்பூருக்குக் குடுக்குறீங்க, லண்டனுக்குக் குடுக்குறீங்க. நாங்க என்ன பாவம் பண்ணோம்? இங்க ஒரு மனுசனுக்குக் கண்ணு போய்க்கிட்டிருக்கு!"

"சார், சார், கோவப்படாதீங்க. ஒரு நிமிஷம் லைன்ல இருங்க, பாத்துச் சொல்றேன்." விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "சார், மலேசியாவை நாங்களா எடுக்கல. அந்த நாட்டுக்குத் தனி உரிமை வேற ஒருத்தருக்குக் குடுத்திருக்கு. அச்சு, மின், ஒலின்னு எந்த வடிவத்துலயும் அவங்களத் தவிர யாரும் விக்கக் கூடாதுன்னு லெட்டர் இருக்கு."

"யாரு அது? பேரைச் சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்!"

"கோலாலம்பூர் சார். பிரிக்ஃபீல்ட்ஸ்னு போட்டிருக்கு."

மீதி விலாசத்தை அவர் வாசிக்க வாசிக்க, நம் கடை வாசல் கதவில் எழுதியிருக்கும் அதே விலாசத்தை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

நீலக் கோப்பை எடுத்தேன். ஏழெட்டு வருடத்துக்கு முந்தைய நகல். மூன்றாம் பாகம் அச்சில் வந்தபோது முதலாளி பெரிய அளவில் பிரதிகள் வரவழைத்தார். மின்நூல் வந்து எல்லாம் தேங்கிப் போகும் என்று எனக்குத் தூக்கம் போயிற்று. தனி உரிமை எழுதி வாங்கலாம் என்று முதலாளியை நச்சரித்தது நான். வாசகத்தை எழுதியது நான். "அச்சு, மின், ஒலி என எவ்வடிவிலும்." அந்தச் சொற்றொடரைப் போட்டுவிட்டு நானே மெச்சிக்கொண்டது இப்போது ஞாபகம் வந்தது. எத்தனை வருடத்துக்கு என்று மட்டும் எழுதவில்லை. பிரதிகள் இரண்டு வருடத்தில் விற்றுத் தீர்ந்தன. கடிதம் கோப்புக்குப் போயிற்று. பூட்டு மட்டும் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

கோப்போடு முதலாளியிடம் போய் நின்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் படித்தார்.

"நீதானேய்யா வந்து நின்ன? எழுதி வாங்கலேன்னா நாம போண்டின்னு?"

"ஆமா மொதலாளி."

"ரெண்டு மாசமா கடைக்கு வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் எவனையோ திட்டிக்கிட்டிருந்தியே. அது யாரு?"

"நாமதான் மொதலாளி."

"நாம இல்ல. நீ." ஆனால் பேனாவை எடுத்துவிட்டார். உரிமையைத் திருப்பித் தருகிறோம் என்று இரண்டே வரி. இந்தத் தடவை தேதி போட்டேன்.

பதிப்பகத்தில் அதை ஒருவர் பார்த்து, இன்னொருவர் ஒப்புதல் தந்து, ரீடர் நிறுவனத்தின் பட்டியலில் மலேசியாவுக்கு நேராக ஒரு குறி போடுவதற்கு மேலும் மூன்று வாரம் ஆயிற்று. ஒரு குறி! நான் அங்கே நின்றிருந்தால் என் விரலாலேயே போட்டிருப்பேன். புத்தகம் வந்த அன்று மதியம் விடுப்புச் சொல்லிவிட்டு நானே கொமுட்டரில் கிள்ளானுக்குப் போய், அங்கிருந்து பண்டமாரானுக்குப் போனேன். போனில் சொல்லக் கூடிய விஷயமல்ல.

அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நின்றபடியே சொன்னேன். "அண்ணே, பூட்டுனது வெளியாள் இல்ல. நான்தான்." கடிதத்தின் நகலையும் நீட்டினேன், அவரால் படிக்க முடியாது என்பதை மறந்து.

அவர் தலையைச் சாய்த்து என்னை ஓரக்கண்ணால் நீண்ட நேரம் பார்த்தார்.

"அடப்பாவி. மூணு மாசமா அந்த ரீடர் கம்பெனி வெள்ளக்காரனத் திட்டிக்கிட்டிருக்கேன். வாய் வலிக்கத் திட்டியிருக்கேன். அதெல்லாம் இப்ப எங்க கொண்டுபோய்ப் போடுறது?"

"எனக்கே போடுங்க அண்ணே."

"போடுறேன், போடுறேன். மொதல்ல புக்கக் காட்டு."

ரீடரைத் துண்டிலிருந்து பிரித்தார். மூன்றாம் பாகம் வந்து நின்றது. "வாங்கு" பொத்தானை நோக்கி என் விரல் போனது.

"நீ தொடாதே" என்றார். "கைய எடு. பொத்தான் எங்கன்னு மட்டும் சொல்லு."

"கொஞ்சம் கீழண்ணே. வலது பக்கம். இன்னும் கொஞ்சம். அங்கதான்."

கட்டைவிரலால் அமுக்கினார். வந்தது. முதல் திரையில் எட்டு வார்த்தை. ரீடரை இடது ஓரத்துக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். நான் நிற்பதை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். "இன்னும் போகலையா?" என்றார். வந்துவிட்டேன்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். திரையில் அந்த வரி வரும்போது, வேண்டாம் என்று சொன்னது யார் என்று முதல் நாளே கேளுங்கள். என்னைப் போல் கடைசி நாளில் கேட்காதீர்கள். பயம் வரும்போது எழுதும் கடிதத்துக்கு முடிவுத் தேதி போடுங்கள். பயம் போன பிறகும் கடிதம் போகாது. கை வியர்த்தால் எதையும் அமுக்காதீர்கள். நீலக் கோப்பு மூன்றாவது இழுப்பறையில் இருக்கிறது. தேதி போடாத என் கடிதங்கள் அதில் இன்னும் பதினொன்று உண்டு. ஓய்வு பெறுவதற்குள் முடிக்க முடியவில்லை. முதலாளியிடம் கையெழுத்து வாங்கி ஒவ்வொன்றாக விடுவித்துவிடுங்கள். அந்தப் பதினொன்றுக்கும் எங்காவது ஒரு ராஜமாணிக்கம் அண்ணன் காத்திருக்கிறாரோ என்று எனக்குத் தெரியாது. அதுதான் இப்போதைய கவலை.

அவர் படித்து முடித்தாரா என்று கேட்பீர்கள். ரீடரில் எத்தனை சதவீதம் படித்தோம் என்று கீழே காட்டும் அல்லவா? வாரத்துக்கு ஒரு தடவை போனில் சொல்வார். "பன்னெண்டு." "முப்பத்தொண்ணு." "அறுபது தாண்டிட்டேன், அவன இன்னும் ஆத்துலேயே வச்சிருக்கான்யா." செப்டம்பரில் "எண்பத்தாறு" என்றார். அடுத்த வாரமும் எண்பத்தாறு. அதற்கடுத்த வாரம் போன் வரவில்லை. நான் வீணாக்கிய இரண்டு மாதமும் ஒன்பது நாளும் மூன்று வாரமும் சேர்த்தால் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். பதினான்கு சதவீதத்துக்குத் தாராளமாகப் போதும்.

பிறகு நானே கூப்பிட்டேன்.

"முடிச்சிட்டேன் மணியம்" என்றார். "மக படிச்சுக் காட்டுனா."

"எப்படிண்ணே இருந்துச்சு?"

"நல்லாத்தான் படிக்கிறா. ஆனா ரொம்ப வேகம், லா. பொங்கல்லேருந்து நான் ஆத்துல நிக்க வச்சிருந்தவன, மூணு நிமிசத்துல கரையேத்திட்டா."